சின்னவளின் கிரியை

லாண்டரி அக்காவுக்குப் பொறாமை என்ற சொல்லே ஆகாது. அடுத்தவருக்கு வந்தால் அது பொறாமை, தனக்கு வந்தால் வெறும் ஆதங்கம் என்று பிரித்து வைத்திருந்தாள். ஐம்பத்து மூன்று வயதுவரை அந்தப் பிரிவினை நன்றாகவே ஓடியது. பிறகு அவளுடைய கொழுந்தனின் மனைவிக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள்.

அக்காவின் கடை இரண்டு தெருக்கள் சந்திக்கும் முனையில் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஒரு மேசை, காத்திருப்பவர்களுக்கு ஒரு பெஞ்சு, உள்ளே இரண்டு பெரிய சலவை இயந்திரங்கள், அவற்றுக்குப் பக்கத்தில் புஸ் புஸ் என்று ஆவி விடும் இஸ்திரி. ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் போதும், அதைப் போட்டவர் என்ன சாப்பிட்டார், எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தார், பேனாவை எந்தப் பையில் மூடாமல் வைத்தார் என்று சொல்லிவிடுவாள். கணவர் வெளுத்த துணிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய் வீடுவீடாகக் கொடுத்துவிட்டு வருவார். மனிதர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவர் பங்கையும் சேர்த்து இவளே பேசிவிடுவாள்.

சபையில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது. அதை அவள் உழைத்து வாங்கியிருந்தாள். திருவிருந்து மேசையின் விரிப்பு, பாடகர் குழுவின் இருபத்து நான்கு அங்கிகள், போதகரின் வெள்ளை உடை எல்லாம் சனிக்கிழமைதோறும் அவள் கடைக்கு வந்து, ஞாயிறு காலையில் ஒரு சுருக்கமில்லாமல் திரும்பிப் போகும். பத்தொன்பது வருஷத்தில் ஒரு சனிக்கிழமைகூடத் தவறியதில்லை. சபையில் யாருக்காவது ஆபரேஷன் என்றால் மயக்கம் தெளிவதற்குள் அக்கா சூப்பும் ரொட்டியுமாகக் கட்டிலருகில் நிற்பாள். கண்ணைத் திறந்ததும் முதலில் தெரிவது பரலோகமா லாண்டரி அக்காவா என்று நோயாளிக்கே கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும்.

இதெல்லாம் வெளியே செய்தது. வீட்டுக்குள் செய்தது இன்னும் பெரியது. ஆறு வருஷத்துக்கு முன் மாமியாருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. வாய் மட்டும் பாதி பேசும். கடைக்குப் பின்னால் இருந்த அறையில் கட்டிலைப் போட்டு, குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்து, அள்ளிப்போட்டு, அத்தனையும் அக்காதான். அதைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொல்ல எழுந்தால் முதல் ஆள் அவளாகத்தான் இருப்பாள். "இந்த வாரம் அத்தைக்கு ஒரே நாள்ல நாலு தடவை வயித்தால போச்சு. நாலு தடவையும் போர்வை மாத்தினேன். இடுப்புல புண்ணு வேற, இந்த அளவுக்கு" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டுவாள். "ஆண்டவர்தான் எனக்கு பெலன் கொடுத்தார்." பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். போதகரின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொள்வார். அந்தக் கண்ணீரோடு அக்கா அடுத்த வெள்ளிவரை தாக்குப்பிடிப்பாள்.

கொழுந்தனின் மனைவி மாடியில் இருந்த இரண்டு அறைகளில் குடியிருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயரே சின்னவள்தான். அரசு மருத்துவமனைக் கேன்டீனில் தட்டு கழுவும் வேலை. வேறு வழிபாட்டில் வளர்ந்து, கல்யாணத்துக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சபைக்கு வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்தான் தண்ணீரில் மூழ்கி எழுந்தாள். பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிப்பாள். எல்லாரும் உட்காரும்போது எழுந்து நிற்பாள். பல்லியைக் கண்டால் நாற்காலியில் ஏறிக்கொள்வாள். அக்காவுக்கு அவள்மீது அப்போது பிரியம்தான் இருந்தது. தன்னைவிடக் கீழே நிற்கிறவர்கள்மீது அவளுக்கு எப்போதுமே பிரியம் உண்டு.

ஒருநாள் சின்னவள் கடைக்கு இறங்கி வந்து, "அக்கா, யாரும் வந்து வாங்காத பெட்ஷீட் ஏதாச்சும் கிடக்கா?" என்று கேட்டாள். லாண்டரியில் அதற்கா பஞ்சம்? போட்டுவிட்டு மறந்தவர்கள், ஊர் மாறிப் போனவர்கள், சீட்டைத் தொலைத்துவிட்டு வெட்கத்தில் வராதவர்கள் என்று ஓர் அலமாரியே நிறைந்திருந்தது. எதற்கு என்று கேட்காமல் அக்கா இரண்டை எடுத்துக் கொடுத்தாள். அடுத்த மாதம் இன்னொன்று. அதற்கடுத்த மாதம் இன்னும் இரண்டு.

எதற்கு என்று ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. போதகர் பிரசங்க மேடையிலிருந்து, "நம்ம சபையில ஒரு சகோதரி சத்தமில்லாம ஒரு பெரிய காரியம் செஞ்சிட்டு வர்றாங்க" என்று ஆரம்பித்தார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு, முகத்தில் தாழ்மையையும் வரவழைத்துக்கொண்டாள். "மருத்துவமனைப் பிணவறையில, யாரும் தேடி வராத பெண்களை இவங்க போய்க் குளிப்பாட்டி, சுத்தமான துணி சுத்தி, ஜெபம் பண்ணி அனுப்பி வைக்கிறாங்க. ஒரு வருஷமா நடக்குது. அங்க வேலை செய்யிறவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்." பிறகு அவர் கையை நீட்டினார். அக்கா பாதி எழுந்தேவிட்டாள். கை அவளைத் தாண்டி, கடைசி வரிசையில் பாட்டுப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த சின்னவளைக் காட்டிக்கொண்டிருந்தது.

எழுந்தது எழுந்ததாகிவிட்டது என்று, ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்ததுபோல் அக்கா போய்ச் சாத்திவிட்டு வந்தாள். நல்ல புழுக்கம். பக்கத்தில் இருந்தவள் திறந்து விடச் சொன்னாள்.

அன்றைக்குப் பற்றிய நெருப்பு அணையவே இல்லை. பத்தொன்பது வருஷத்து அங்கிகள் யார் கண்ணிலும் படவில்லை. பல்லிக்குப் பயந்தவளின் ஒரு வருஷம் மேடை ஏறிவிட்டது. போதாததற்கு, சுற்றிய துணி யாருடையது? இவள் கடைத் துணி! அதையாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கணவரிடம் அன்றைக்கு முழுக்க இதையே பேசினாள். அவர் பத்து வார்த்தையில் ஒன்றைச் செலவழித்து "விடு" என்றார்.

விட்டிருப்பாளோ என்னவோ, மாமியார் காதுக்கு விஷயம் போகாமல் இருந்திருந்தால். மறுநாள் மதியம் அக்கா ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவர் கதவருகில் நின்றார். மாமியார் ஸ்பூனை நாக்கால் தள்ளிவிட்டு, பாதி வாயால் மெதுவாக, ஆனால் தெளிவாகவே சொன்னார். "நான் போனா... சின்னவளே என்னைக் குளிப்பாட்டட்டும். வேற யாரும்... வேண்டாம்."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருஷம் ஒவ்வொரு நாளும் அந்த உடம்பைக் கழுவியவள் அவள். கடைசியாக ஒரு தடவை கழுவும்போதுதான் ஊரும் சபையும் வாசலில் நிற்கும். அந்த ஒரு தடவையை மட்டும் இன்னொருத்திக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். ஸ்பூனில் இருந்ததை அவள் மறுபடி வாய்க்குக் கொண்டுபோனாள். பாதி தாடையில் வழிந்தது. அந்த வாக்கை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்பதைத் தவிர அதன்பின் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

வழி தானாகவே வந்து சிக்கியது. ஒரு சாயங்காலம் சின்னவள் பெரிய விரிப்பு ஒன்றை மடிக்க உதவிக்கொண்டிருந்தாள். ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உதறும்போது அக்கா பேச்சுவாக்கில் கேட்டாள்.

"ஏம்மா, உனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சு?"

"யோசனை எல்லாம் இல்லக்கா. ஐயாதானே பிரசங்கத்துல சொன்னாரு? விசுவாசம் மட்டும் இருந்தா போதாது, கிரியை செய்யணும், இல்லேன்னா விசுவாசத்துக்கு உயிரே இல்லேன்னு. எனக்குத் தூக்கமே வரல. இப்பதானே விசுவாசத்துக்கே வந்திருக்கேன், அதுக்குள்ள செத்துப் போச்சுன்னா? அதான் மறுநாளே பிணவறைக்காரர்கிட்ட போய், கிரியை செய்ய ஆள் இல்லாதவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கன்னு கேட்டேன்."

அக்காவுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது கையிலிருந்த முனை நழுவியது. சபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கிரியை என்றால் நற்செயல். பசித்தவனுக்குச் சோறு போடுவதும் கிரியை, அங்கி வெளுப்பதும் கிரியை. சின்னவள் பிறந்த வீட்டில் கிரியை என்றால் ஒன்றே ஒன்றுதான், செத்தவர்களுக்குச் செய்வது. போதகர் உயிர், சாவு, கிரியை என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னதும் இவள் நேரே பிணவறைக்குப் போய் நின்றுவிட்டாள்!

அக்கா அங்கேயே சொல்லியிருக்கலாம். நல்லவளாக இருந்தால் சொல்லியிருப்பாள். அவள் முனையைக் குனிந்து எடுத்து, விரிப்பை ஒழுங்காக மடித்து வைத்தாள். அன்றைக்கு இஸ்திரி போடும்போது ஒரு பாட்டுகூட முணுமுணுத்தாள்.

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் சாட்சி நேரம் வந்ததும் அவள் எழுந்து, "இன்னிக்கு நான் பேசல. நம்ம சின்னவ பேசட்டும். அந்த ஊழியத்தை எப்படி ஆரம்பிச்சான்னு எல்லாரும் கேக்கணும்" என்றாள். என்ன பெருந்தன்மை என்று எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அதையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

சின்னவள் எழுந்து, கடைக்குள் சொன்னதையே இங்கேயும் சொன்னாள். முதலில் பின்வரிசையில் ஒருத்தி களுக்கென்றாள். பிறகு சிரிப்பு வரிசை வரிசையாக முன்னால் வந்தது. போதகரின் மனைவிகூட வாயைப் பொத்திக்கொண்டார். என்ன நடக்கிறது என்று தெரியாமல் சின்னவளும் கூடவே சிரித்தாள். அப்போதுதான் அக்கா, மிகவும் அன்பான குரலில், விளக்கம் கொடுத்தாள்.

"கிரியைன்னா அந்தக் கிரியை இல்லம்மா. நல்ல காரியம். எந்த நல்ல காரியமும் கிரியைதான். உன்னை யாரும் பிணவறைக்குப் போகச் சொல்லல."

சின்னவளின் சிரிப்பு நின்றது. "அப்போ... போக வேண்டியதே இல்லையா?"

"இல்லவே இல்ல."

"சத்தியமா?" அவள் பிடிப்பதற்கு எதையோ தேடி நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். "ஒவ்வொரு தடவையும் வாசல்லயே எனக்குக் கால் ஓடாதுக்கா. உள்ள போய் முடிச்சிட்டு வெளிய வந்ததும் வாந்தி எடுத்துடுவேன். நாலு நாள் சாப்பிட முடியாது. ஆனா போகலைன்னா விசுவாசம் செத்துடுமேன்னு... பதினோரு தடவை போயிட்டேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. போதகரின் மனைவி எழுந்து போய் அவளை அணைத்துக்கொண்டார். அக்காவின் பக்கத்தில் இருந்தவள் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். மூக்குடைபட வேண்டியவள் அங்கே எல்லார் கண்ணீருக்கும் நடுவில் நின்றாள். மூக்கை உடைத்தவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆனாலும் அக்காவுக்கு ஒரு நிம்மதி இருந்தது. இனி அவள் போக மாட்டாள். பிணவறைக்கே போகாதவளை மாமியார் எதற்குக் கேட்கப் போகிறார்?

இரண்டு வாரம் கழித்து, காலையில் சின்னவள் கடைக்குள் வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, ஒரு பெட்ஷீட் வேணும்."

அக்கா இஸ்திரியை நிமிர்த்தி வைத்தாள். "எதுக்கு? அதான் அர்த்தம் சொல்லியாச்சே! உனக்கு அந்தக் கட்டாயம் இல்லேன்னு தெரியுமே!"

"தெரியும்க்கா."

"அப்புறம்?"

சின்னவள் கொஞ்சம் யோசித்தாள். சொல்வதற்கு அவளிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. "அந்த அம்மா அங்க கிடக்காங்க. மூணு நாளா யாரும் வரல. எனக்குத் தெரிஞ்சு போச்சே."

அக்கா அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே பழசான போர்வையை எடுத்தாள். பிறகு தன் புத்தியே தனக்கு அசிங்கமாகப் பட்டு, அதை உள்ளே வைத்துவிட்டு நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சின்னவள் போன பிறகு ரொம்ப நேரம் அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தவறான அர்த்தத்தைப் பிடுங்கிவிட்டால் அதன்மேல் நின்றதும் விழுந்துவிடும் என்று நினைத்திருந்தாள். விழவில்லை. பயமும் போகவில்லை, கட்டளையும் இல்லை, ஆனாலும் போகிறாள். எப்படி முடிகிறது இவளுக்கு? அங்கி வெளுக்கச் சொல்லி தன்னையும் யாரும் கட்டாயப்படுத்தவில்லைதான். ஆனால் யாருமே பார்க்க மாட்டார்கள் என்றால் தான் ஒரு காலரையாவது இஸ்திரி போட்டிருப்போமா? பதில் தெரிந்த கேள்வி என்பதால் அக்கா அதை மேலே கிளறவில்லை. பொறாமை மட்டும் முன்னைவிட இரண்டு மடங்கானது.

அந்த வேகத்திலேயே உள்ளே போய் மாமியார் கட்டிலருகில் உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கணும். ஆறு வருஷத்துல நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?"

"ஒண்ணும்... இல்ல."

"அப்போ ஏன் அவ? நான் ஏன் வேண்டாம்?"

 மாமியார் நல்ல கையால் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்தார். பிடி பலமாகவே இருந்தது.

"போன மாசம் போதகரம்மா... பாக்க வந்தாங்க. வந்ததும் என்னைக் கேட்டாங்க... இப்போ வயிறு சரியாயிடுச்சா, இடுப்புப் புண்ணு ஆறிடுச்சான்னு. அதுக்கு முன்னாடி பாடகர் குழுப் பொண்ணுங்க. எல்லாருக்கும்... தெரியும். நான் எத்தனை தடவை போனேன், எங்க புண்ணு, எல்லாம். நான் டீச்சரா இருந்தவ. அப்போ என் முகத்தையே யாரும் நேரா பாக்க மாட்டாங்க. இப்போ சபையில பாதிப் பேருக்கு என் இடுப்பு தெரியும்." மூச்சு வாங்கினார். "நீ நல்லாத்தான் பாத்துக்கிட்டே. ஆனா நான் போற அன்னிக்கு நடக்கிறதையும்... வெள்ளிக்கிழமை சொல்லிடுவ. அவ சொல்ல மாட்டா. ஒரு வருஷம்... யார்கிட்டயும் சொல்லல பாத்தியா?"

  அக்காவுக்குக் கோபம் வந்தது, வெட்கம் வந்தது, அழுகையும் வந்தது. மாமியார் மணிக்கட்டை விடவும் இல்லை. கடையில் யாரோ மணியை அடித்த பிறகுதான் விட்டார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் அக்கா எழுந்திருக்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று இரண்டு பேர் விசாரித்தார்கள். இரண்டே இரண்டு பேர்தானா என்பது அவளுக்கு இன்னொரு ஆதங்கம்.

மாமியார் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே போனார். டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். மதியத்துக்குள் சபைப் பெண்கள் வந்து கடைப் பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சின்னவள் கேன்டீனிலிருந்து ஓடிவந்தாள். அக்காவின் கணவர் அவளிடம் "நீ குளிப்பாட்டும்மா" என்று மட்டும் சொன்னார்; அவள் வெந்நீரும் துண்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள். அக்கா வெளியே மேசைக்கு முன்னால், துணி போட வருகிறவர்கள் நிற்கும் இடத்தில் நின்றாள். தன் வீட்டில், தன் மாமியார் அறைக்கு வெளியே, வாடிக்கையாளர்போல.

கொஞ்ச நேரத்தில் கதவு ஒரு சாண் திறந்தது. சின்னவளின் கண் தெரிந்தது.

"அக்கா, உள்ள வாங்க. என்னால தனியா திருப்ப முடியல."

"அவங்க என்னை வேண்டாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள் அக்கா, பெஞ்சுக்குக் கேட்காத குரலில்.

"அவங்க சொன்னது எனக்குத் தெரியாதுக்கா. எனக்கு நீங்க வேணும்."

அக்கா உள்ளே போனாள். கதவைச் சாத்தினாள். பிறகு நடந்ததில் பெரும்பகுதி அவள் கைதான் செய்தது. மடங்கியிருந்த இடது முழங்கையை வெந்நீர்த் துண்டால் ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நீட்ட வேண்டும் என்பது அவளுக்குத்தான் தெரியும். எந்தப் பக்கம் முதலில் சாய்க்க வேண்டும், எங்கே தொட்டால் தோல் உரியும் என்பதும் அவளுக்குத்தான் தெரியும். சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள், ஒரு தடவை ஓடிப்போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து மறுபடியும் பிடித்தாள். இடுப்புப் புண் முழுதாக ஆறித் தோல் மூடியிருந்தது. ஆறு வருஷத்தில் அக்கா செய்ததிலேயே பெரிய காரியம் அதுதான், டாக்டரே ஆறாது என்று சொன்ன புண். அவள் அதன்மேல் துணியை இழுத்து மூடினாள்.

வெளியே வந்தபோது பெஞ்சு முழுவதும் எழுந்து நின்றது. போதகரின் மனைவி முன்னால் வந்தார்.

"கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா? அந்தப் புண்ணு எல்லாம் எப்படி..."

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருந்தாங்க. நல்லாப் போனாங்க."

அந்த அம்மாள் இன்னும் ஏதாவது வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். வரவில்லை. "யாரு குளிப்பாட்டினது? நீங்கதானே?"

அக்காவின் கை முழங்கைவரை நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஆம் என்றால் அது பொய்யும் இல்லை.

"சின்னவ" என்றாள்.

பின்னால் நின்ற சின்னவள் "இல்ல, அக்காதான்..." என்று வாயெடுத்தாள். அக்கா அவள் கையை நறுக்கென்று கிள்ளினாள். அதற்குள் பெண்கள் சின்னவளைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி கையைப் பிடித்தாள், ஒருத்தி கன்னத்தைத் தடவினாள், போதகரின் மனைவி இறுக அணைத்து அழுதார்.  அக்கா குனிந்து பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, தண்ணீரைக் கொட்டக் கடையின் பின்பக்கம் போனாள். அங்கே குழாயடியில் யாரும் இல்லை. யாரும் பார்க்கவில்லை. அது அவளுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.